மெல்ல ஏற விடுங்கள்

ஐம்பதைத் தாண்டியவர் ஒருவர் சைக்கிளில் மலை ஏறுகிறார் என்று தெரிந்தால் ஊரில் இரண்டு பேச்சுதான் கேட்கும். வீட்டிலும் உறவிலும், "இந்த வயசுல இது எதுக்குங்க?" ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட வரும் இளைஞர்களிடம், "விடாதீங்க சார், மிதிங்க மிதிங்க!" இரண்டும் அன்பில் வருவதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு வேண்டிய வழி இந்த இரண்டிலும் இல்லை. மெதுவாக, நிதானமாக, வேண்டிய இடத்தில் நின்று, வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுகிற வழி அது. அந்த ஒரு வழிக்கு மட்டும் சைக்கிள் கடையிலும் இடமில்லை, சாலையிலும் இடமில்லை, மனிதர் பேச்சிலும் இடமில்லை. நெடுநாளாக மனசில் கிடந்து உறுத்துகிற விஷயம் இது.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை பெரிய சிரமமில்லை. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1000 மீட்டர் உயரம். சராசரி போட்டால் நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம். கேட்பதற்கு லேசாகத்தான் இருக்கும். ஆனால் சராசரியில் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை. நடுநடுவே சட்டென்று நிமிர்ந்து நிற்கும் துண்டுகள் இருக்கின்றனவே, நெஞ்சும் முட்டியும் அங்கேதான் கணக்குக் கேட்கின்றன.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். ஆள், சைக்கிள், தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற சுமார் 100 வாட் சக்தி வேண்டும். சாலை நூற்றுக்கு எட்டாக நிமிர்ந்ததும் அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் தேவை 160 வாட்டை எட்டிவிடும். முப்பது வயதுக்காரருக்கு இது ஒரு பொருட்டில்லை. உடம்பு ஆக்சிஜனை வாங்கிப் பயன்படுத்தும் திறனோ முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது. விடாமல் பயிற்சி செய்கிறவருக்குக் கொஞ்சம் மெதுவாகக் குறையும், அவ்வளவுதான். அப்படியானால் ஐம்பத்து மூன்று வயதுக்காரர் என்ன செய்ய வேண்டும்? அந்த நிமிர்ந்த துண்டில் வேகத்தை 5 கிலோமீட்டருக்கு இறக்க வேண்டும். இறக்கினால் மறுபடி அதே 100 வாட்தான். மலையும் மாறவில்லை, வயதும் மாறவில்லை. வேகத்தை மட்டும் விட்டுக்கொடுத்தால் நெஞ்சின் மேல் ஏறும் பாரம் அப்படியே இறங்கிவிடுகிறது. நடுவயதில் மலை ஏறுவதன் பத்திரம் முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

இந்த 5 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பதற்கு ஒரு சைக்கிள் கொடுங்கள் என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கும் ரோடு பைக்குகளில் முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரம் 34 பல். பின்னால் கேசட் என்ற பல்சக்கர அடுக்கில் பெரியது பெரும்பாலும் 28 அல்லது 32. முன்னே 34, பின்னே 28 என்ற கியரில் மணிக்கு 5 கிலோமீட்டர் போக வேண்டுமென்றால் பெடல் நிமிடத்துக்கு 33 சுற்றுத்தான் சுற்றும். அதற்குப் பெயர் மிதிப்பது கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் உடம்பின் முழு எடையையும் ஒரு முட்டியின் மேல் நிறுத்தி எடுப்பது. நிமிடத்துக்கு 60 சுற்றாவது சுற்ற வேண்டுமானால் முன்னே 22, பின்னே 34 போன்ற சேர்மானம் வேண்டும். எம்.டி.பி. என்ற பழைய மலை சைக்கிள்களில் முன்னால் மூன்று பல்சக்கரம் வரும், அதில் கடைசி 22 பல். அதைக் கேட்டால் "அதெல்லாம் பழைய மாடல் சார், இப்ப யாரும் கேக்கறதில்ல" என்கிறார்கள். பின்னால் பெரிய கேசட் மாற்றித் தரச் சொன்னால், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவியைக் காட்டி, "இந்த டீரெய்லருக்கு அது ஒக்காராது, வேணும்னா அதையும் மாத்தணும்" என்று செலவைச் சொல்கிறார்கள். செலவு கூடச் சரி. "ரெண்டு மாசம் ஓட்டினா பழகிடும் சார்" என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. முட்டிச் சில்லுக்கு அடியில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்தால் தேய்ந்ததுதான். அது எதற்கும் பழகாது.

சீட்டும் அப்படியே. கால் தரையில் ஊன்ற வேண்டும் என்பதற்காகக் கடையில் சீட்டைத் தாழ்த்தி வைத்து அனுப்புகிறார்கள். சீட் தாழ்ந்தால் முட்டி ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கும், முட்டியின் முன்பக்கம் அழுத்தம் கூடும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். இரண்டு நிமிட வேலை. வாங்குகிறவரை ஏற்றி உட்காரவைத்துப் பார்க்கும் பொறுமை எத்தனை கடையில் இருக்கிறது?

லேசான கியரை ஏளனமாகப் பார்ப்பது இன்று நேற்று வந்ததில்லை. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ஜ் 1902-லேயே, கியர் மாற்றுவதெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று எழுதினார். அந்தப் பந்தயத்தில் டீரெய்லரை அனுமதிக்க 1937 வரை ஆயிற்று. அதே காலத்தில் செயின்ட் எத்தியென் ஊரில் வெலோசியோ என்ற பெயரில் எழுதிவந்த போல் தெ விவி, மலைக்குப் பல கியர் வேண்டும் என்று வருடக்கணக்காக வாதாடினார். 1853-ல் பிறந்தவர், அறுபதைத் தாண்டியும் ஊருக்குப் பக்கத்து மலைக் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தார். பசிக்கு முன் சாப்பிடு, தாகத்துக்கு முன் குடி, அளவுமீறிக் களைத்துப்போகாதே என்ற பொருளில் அவர் சொல்லிவைத்த யோசனைகளை இன்றும் நீண்டதூர சைக்கிள்காரர்கள் மதிக்கிறார்கள். தெக்ராஞ்ஜ் ஏளனமாகச் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயார். ஆமாம், 45-ஐத் தாண்டியவர்களுக்குத்தான் கியர். அப்படியானால் 45-ஐத் தாண்டி வந்து நிற்கிறவருக்கு அந்தக் கியரைக் கொடுங்கள்.

சரி, கியரை எப்படியோ மாற்றிக்கொண்டோம். இனி சாலை.

வேகம் குறையக் குறைய சைக்கிளுக்கு இடம் அதிகம் வேண்டும். இது ஓட்டாதவர்களுக்குத் தெரிவதில்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் கோடு போட்டாற்போல் போகும். 5 கிலோமீட்டரில் சமநிலைக்காக ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேதான் இருக்க வேண்டும். முன்சக்கரம் ஒரு முழம் அலையும். மிதமிஞ்சிக் குடித்தவர் போகிறார் என்று பின்னால் வருகிறவர் நினைத்துக்கொண்டு ஹாரனில் கையை வைக்கிறார். திடுக்கிட்டால் இன்னும் அலையும். அந்த நேரத்தில் எங்களுக்கு ஓரத்தில் கிடைப்பது என்ன? மலைச்சாலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் மலைப்பக்கமும் பள்ளத்துப்பக்கமும் இடம் மாறும். ஒரு துண்டு முழுக்க இடதுகைப் பக்கம் மழைநீர்க் கால்வாய். அடுத்த துண்டு முழுக்க இடதுகைப் பக்கம் தடுப்புச் சுவரும் அதற்கப்பால் பள்ளமும். தார்மேல் தார் போட்டு உயர்த்திக்கொண்டே போனதில் பல இடங்களில் ஓரம் படியாக நிற்கிறது. முன்சக்கரம் அந்தப் படியில் இறங்கினால் திரும்ப மேலே ஏற்ற முடியாது, விழ வேண்டியதுதான். ஓரமாகப் போ, ஓரமாகப் போ என்று கத்துகிறவர்கள் ஒருமுறை இறங்கி நின்று அந்த ஓரத்தைப் பார்க்க வேண்டும்.

கொண்டை ஊசி வளைவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மலைச்சாலைக்கான இந்திய சாலைக் காங்கிரஸின் நெறிமுறையில் கொண்டை ஊசி வளைவுக்குள் ஏற்றம் 40-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். அதாவது வளைவு என்பது மூச்சு வாங்கிக்கொள்ளும் இடமாக இருந்திருக்க வேண்டும். பழைய சாலைகளில் எங்கே அப்படி இருக்கிறது? வளைவின் உள்பக்கம் சுவர்போல் நிமிர்ந்திருக்கும், வெளிப்பக்கம்தான் படுத்திருக்கும். இடதுபக்கம் ஓட்டும் நம் நாட்டில், இடதுபுறம் திரும்பும் வளைவில் மேலேறுகிறவருக்கு விதி கொடுக்கும் இடம் அந்த நிமிர்ந்த உள்பக்கம். கொஞ்சம் வெளியே தள்ளி எடுக்கலாம் என்றால் மேலிருந்து இறங்கும் பஸ் முழு வளைவையும் எடுத்துக்கொண்டு வருகிறது. அதனால் நான் இடதுபக்க வளைவுகளில் இறங்கித் தள்ளிவிடுகிறேன். வலதுபக்க வளைவுகளில் நம் பாதை வெளிப்புறமாக அமைவதால், எதிரில் வண்டி இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு ஏறலாம். தள்ளும்போது டீக்கடைத் திண்ணையிலிருந்து, "என்னங்க, பஞ்சருங்களா?" என்று கேட்பார்கள். இல்லைங்க, தள்ளிக்கிட்டுப் போறேன் என்றால் நம்ப மாட்டார்கள். தள்ளுவதும் மலை ஏறும் முறைகளில் ஒன்றுதான் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை.

2017 வரை நடப்பில் இருந்த 1989-ஆம் ஆண்டு சாலை விதிமுறைகளிலேயே இருந்தது: மலைச்சாலையில் அகலம் போதாத இடத்தில் கீழிறங்கும் வண்டி ஒதுங்கி, மேலேறும் வண்டிக்கு முதலிடம் தர வேண்டும். மேலேறும் வண்டி என்றால் லாரியும் பஸ்ஸும் மட்டும்தானா? ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது சிரமம் என்பதுதானே அந்த விதியின் காரணம்? அந்தச் சிரமம் இந்தச் சாலையில் யாருக்கு அதிகம் என்று கேட்கிறேன். மாறிமாறி ஒலிக்கும் ஹாரனும், காதைக் கிழிக்கும் ஹாரனும் கூடாது என்று அதே 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. மே மாதம் கோடை விழா நாட்களில் அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த விதி என்ன கதியில் இருக்கிறது என்று தெரியும். சனி ஞாயிறும் வேண்டாம், கோடை விழாவும் வேண்டாம், வார நாளில் விடிவதற்கு முன் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விட வேண்டும் என்று நாங்களே ஒதுங்கிக்கொள்கிறோம். வேலைக்குப் போகிறவருக்கு அதுவும் வாய்ப்பதில்லை.

பிரெஞ்சு நாட்டு மலைக் கணவாய்களில் சைக்கிள்காரர்களுக்கென்றே கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறார்கள். உச்சிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர், இப்போது நிற்கும் உயரம் எவ்வளவு, அடுத்த கிலோமீட்டரின் சராசரி ஏற்றம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அடுத்தது கடினம் என்று முன்கூட்டித் தெரிந்தால் இங்கேயே நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். நம் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. அதிலேயே இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒரு டப்பா பெயின்ட் செலவாகுமா?

இனி எனக்கு உண்மையில் பயம் தரும் விஷயத்துக்கு வருகிறேன்.

மலை ஏறும்போது நெஞ்சுக்கு நடுவில் இறுக்கம் வருகிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடுகிறது. மறுபடி மிதித்தால் மறுபடி வருகிறது. இதைச் சொன்னால் நம் ஊரில் நூற்றில் தொண்ணூறு பேர் சொல்லும் பதில், "கேஸ் சார், ஒரு சோடா குடிங்க." ஐயா, உழைப்பில் வந்து ஓய்வில் போகும் இறுக்கம் இதய ரத்தக்குழாய் அடைப்பின் மிகப் பழைய அடையாளம். அது தாடைக்கும் போகலாம், தோளுக்கும் முதுகுக்கும் போகலாம், சில பேருக்கு வலியே இல்லாமல் அளவுக்கு மீறிய மூச்சிரைப்பாக மட்டும் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு அடங்கிய அடையாளமாகத்தான் பல நேரம் வரும். 2007-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதியில், இங்குள்ளவர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாட்டினருக்கு 58-ஐத் தாண்டித்தான் வருகிறது என்றும் கண்டார்கள். நாங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் வயதே அதுதான். இதற்கு வீட்டில் உட்கார்ந்துவிடுவது மருந்தாகாது. கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் போய், "மலை ஏறப்போகிறேன்" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லி, அவர் சொல்லும் சோதனைகளைச் செய்துகொள்வதுதான் மருந்து. அங்கேயும் பல பேருக்குக் கிடைப்பது, "எதுக்கு ரிஸ்க்? வாக்கிங் போங்க" என்ற ஒற்றை வரி. எவ்வளவு ஏறலாம், எப்போது நிறுத்த வேண்டும், சாப்பிடும் மாத்திரை ஏற்றத்தில் என்ன செய்யும் என்று உட்கார்ந்து பேச நேரமில்லை.

மாத்திரை விஷயம் சின்னது இல்லை. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவரின் நாடித்துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி "இன்னும் இருக்கு, மிதிக்கலாம்" என்று அவர் மிதித்தால் ஆபத்து. சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வியர்வையோடு உப்பும் சேர்ந்து போனால் தலை சுற்றும். இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும் நீண்ட ஏற்றத்தில் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பக்கூடாது. மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கும், 220-லிருந்து வயதைக் கழி என்று கடிகாரம் போடும் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் தவறும். அதைவிட நம்பகமானது வாய். ஏறிக்கொண்டே பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று ஆனால் கியரைக் குறைக்க வேண்டும், குறைக்கக் கியர் இல்லையென்றால் இறங்க வேண்டும். இறங்கியதும் சடக்கென்று உட்கார்ந்துவிடக்கூடாது. ரத்தம் காலிலேயே தங்கித் தலை கிறுகிறுக்கும். ஐந்து நிமிடம் மெல்ல நடந்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

குழுவோடு போகும் இளைஞர்களிடம் இதையெல்லாம் சொல்ல இடமே கிடைப்பதில்லை. மேலே போனதும் செல்போனை எடுத்து யார் எத்தனை நிமிடத்தில் ஏறினார்கள் என்று பார்க்கிறார்கள். பிள்ளைகள் நல்லவர்கள், பின்தங்கியவர்களுக்காகக் காத்திருக்கவும் செய்கிறார்கள். ஆனால் கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "போலாமா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். முன்னால் வந்தவருக்குப் பத்து நிமிட ஓய்வு, கடைசியாக வந்தவருக்கு ஓய்வே கிடையாது. வயதில் மூத்தவருக்குத்தான் அது அதிகம் வேண்டும். கடைசியில் வருகிறவர் "கிளம்பலாம்" என்று சொன்ன பிறகு கிளம்புங்கள் என்று எத்தனையோ முறை கேட்டாயிற்று. அவரோடு ஒருவர் கூடவே வர வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். ஏதாவது ஆகி 108-க்குப் போன் செய்தால், எந்த மலை என்று சொன்னால் போதாது, எத்தனையாவது வளைவு என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். சில வளைவுகளில் சிக்னலும் கிடைக்காது.

இறங்குவது எளிது என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 85 கிலோ 1000 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் சக்தி, இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மெதுவாக இறங்க இறங்க மீதியெல்லாம் பிரேக்குக்குத்தான் போகும். ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, பிறகு விட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடித்து, கை வலித்தால் நின்று, ரிம்மை ஆற விட்டு இறங்க வேண்டும். வாசிக்கவும் நடக்கவும் சேர்த்து ஒரே கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னொன்று: கண்ணாடியின் கீழ்ப்பாதி கிட்டப்பார்வைக்கானது. குனிந்து இறங்கும்போது சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குழி அதில் மங்கலாகத்தான் தெரியும். தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடிக் கடையில் இதை யாரும் சொல்வதில்லை, சைக்கிள் கடையிலும் சொல்வதில்லை.

பிள்ளைகள், "பேட்டரி சைக்கிள் வாங்கிக்கோங்கப்பா" என்கிறார்கள். தப்பில்லாத யோசனைதான். ஆனால் இங்கே குறைந்த விலையில் கிடைப்பதில் பெரும்பாலும் மோட்டார் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது அந்த மோட்டாருக்குத் திறன் குறைவு. நீண்ட ஏற்றத்தில் சூடேறி நின்றுவிட்டால் கனமான சைக்கிளையும் சேர்த்துத் தள்ள வேண்டும். பெடல் அச்சில் மோட்டார் வைத்தது மலைக்கு ஏற்றது. அதன் விலையைக் கேட்டால் பென்ஷன்காரர் அடுத்த வார்த்தை பேச மாட்டார்.

கடைசியாக ஒன்று. பத்தாவது வளைவு வரை போய், இன்றைக்கு உடம்பு சரிப்படவில்லை என்று தெரிந்து, ஒருவர் திரும்பி இறங்குகிறார். தெரு முனையில், குழுவில், வீட்டு வாசலில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏன், முடியலையா?" இந்தக் கேள்விக்குப் பயந்தே எத்தனையோ பேர் பதினொன்றாவது வளைவுக்கும் பன்னிரண்டாவது வளைவுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். திரும்பி வரும் முடிவை எடுத்தவர் அன்றைக்குச் செய்ததிலேயே புத்தியான காரியம் அதுதான். தயவுசெய்து அவரிடம் அதைக் கேட்காதீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள், அடுத்த வாரம் நானும் வரட்டுமா என்று கேளுங்கள்.